ஆகாயமும் ஆஸ்பத்திரியும்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரைக்கு என்னை அழைத்தபோது, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். பழைய மாணவிகள் கூடும் இடத்தில் அவை இரண்டுக்கும் தேவை இல்லாமல் இல்லை. ஆனால் செயற்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழி தொலைபேசியில் கேட்டது வேறு. "நீ பிளேன் ஓட்டப் போறன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனியெல்லே, அந்தக் கதையைச் சொல்லு" என்றார். முப்பது வருடங்களுக்குப் பின்னும் அவர் அதை மறக்கவில்லை. அன்று வகுப்பில் சத்தமாகச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை நானும் மறக்கவில்லை.

ஆகவே இன்று விமானங்களைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு டொக்டர் ஏன் விமானங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்பது முடிவில் விளங்கும் என்று நம்புகிறேன்.

எனக்கு முந்திய தலைமுறைக்குப் பலாலி என்றால் பயணம். 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அன்று அழைக்கப்பட்ட நமது பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனது. அந்த நிறுவனத்தின் டக்கோட்டா விமானங்களுக்குச் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று பெண்களின் பெயரையே சூட்டியிருந்தார்கள். எங்கள் அம்மம்மா அந்த விமானங்களைப் பார்க்கவென்றே மாட்டு வண்டியில் போன கதையைச் சொல்லுவார். "பேர் மட்டும் பொம்பிளையளின்ரை, ஓட்டினது முழுக்க ஆம்பிளையள்" என்று அந்தக் கதையை முடிப்பார்.

என் வயதினருக்கு விமானம் என்றால் வேறு. 1990இல் எனக்குப் பத்து வயது. மின்சாரம் நின்றுபோயிருந்தது. சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று சொல்லப் பழகியிருந்தோம். ஹெலி ஒரு சத்தம், பொம்பர் ஒரு சத்தம், நாங்கள் சகடை என்று பெயர் வைத்திருந்தது இன்னொரு சத்தம். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் கொப்பியை மூடாமலே பங்கருக்கு ஓடுவோம். இங்கே இருக்கும் என் வயது அக்கா தங்கைமாருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. முன்வரிசைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இப்போது நீங்கள் வலைப்பந்து விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் பங்கர் இருந்தது.

அந்தக் காலத்துச் சித்திர பாடத்தில் நாங்கள் கீறிய விமானங்களுக்குக் கீழே எப்போதும் குண்டு விழுந்துகொண்டிருக்கும். நான் ஒரு நாள் கீறிய விமானத்துக்குக் கீழே பெட்டிகள் விழுந்துகொண்டிருந்தன. ரீச்சர் என்னவென்று கேட்டார். "மருந்து" என்றேன். அப்போது மருந்துக்குத் தட்டுப்பாடு. பக்கத்து வீட்டு ஐயா ஒருவருக்கு முட்டு. மருந்து கிடைக்காத இரவுகளில் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். ஆகாயத்திலிருந்து வருவது எல்லாம் கெட்டதாகத்தான் இருக்க வேண்டுமா என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுவதில் புதுமை ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் "நான் பைலட்டா வந்து ஆஸ்பத்திரிக்கு ஆக்களையும் மருந்தையும் கொண்டுபோவன்" என்று சொல்லத் தொடங்கினேன்.

வீட்டில் யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அம்மா "முதல்ல ஓஎல்லைப் பாஸ் பண்ணு, பிறகு பறக்கலாம்" என்றார். மாமி ஒருவர்தான் "பிளேன் ஓட்டுற பொம்பிளையை ஆர் கலியாணம் செய்வினம்?" என்று கவலைப்பட்டார். மற்றவர்கள் சொன்னதுதான் எனக்கு மிகவும் பழக்கமான பதில். "சேவைதானே செய்ய வேணும்? அப்ப டொக்டருக்குப் படியன்." இதைச் சொல்லாத பெரியவர் ஒருவரும் இருக்கவில்லை, எங்கள் பௌதிகவியல் ரீச்சரைத் தவிர.

ரீச்சர் மட்டும் என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்டார். "ஏன் பைலட்?" என்று. சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப காற்றைப் படி" என்றார். அடுத்த பாடத்துக்கு ஒரு சைக்கிள் பம்பைக் கொண்டு வந்தார். வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை அமுக்கச் சொன்னார். அமுக்கம் கூடக் காற்றின் கனவளவு குறையும், அமுக்கம் குறையக் கனவளவு கூடும். போயிலின் விதியை நாங்கள் அப்படித்தான் படித்தோம். மேலே போகப் போகக் காற்றமுக்கம் குறையும் என்பதையும், விமானத்தில் போகும் மனிதரின் காதும் வயிறும் அதை உணரும் என்பதையும் அன்றே சொல்லித் தந்தார்.

1995 இடப்பெயர்வு, தென்மராட்சியில் மரத்துக்குக் கீழே வகுப்பு, திரும்பி வந்தது, எல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதை. உயர்தரம் முடித்த பின், நான் ஒரு விமானப் பயிற்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. அதில் இருந்த கட்டணத்தை அப்பா இரண்டு தரம் வாசித்தார். வீட்டையும் காணியையும் விற்றாலும் போதாது. அதே மாதத்தில் மருத்துவ பீட அனுமதியும் வந்தது. நான் மருத்துவ பீடத்துக்குப் போனேன்.

இந்தத் தொழிலை நான் நேசிக்கிறேன். ஒரு நாளும் இதற்காக வருந்தியதில்லை. ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டொக்டராக வந்ததால் என் கனவு "வேறு வழியில் நிறைவேறியது" என்று மேடைகளில் என்னை அறிமுகம் செய்பவர்கள் சொல்வதுண்டு. அது சரியல்ல. விமானி செய்யும் சேவை ஒன்று, டொக்டர் செய்யும் சேவை இன்னொன்று. ஒன்றின் இடத்தை மற்றது நிரப்பாது. இதை நான் படித்தது ஒரு தீவில்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் தீவகத்து வைத்தியசாலை ஒன்றில் கடமையாற்றினேன். கடலைத் தாண்டித்தான் போக வேண்டிய இடம். நெடுந்தீவு போன்ற தீவுகளைத் தெரிந்தவர்களுக்கு நிலைமை விளங்கும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் சுமார் ஒரு மணித்தியாலம். கடல் அமைதியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. சோளகம் பெயர்ந்தால் கணக்கு வேறு. வாடைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் படகே இல்லை. குறிகட்டுவானுக்கு வந்த பிறகும் புங்குடுதீவு, வேலணை என்று பாலங்களைக் கடந்துதான் யாழ்ப்பாணம் வர வேண்டும்.

ஓர் இரவு, நிறைமாதத் தாய் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இரத்தப் போக்கு. எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். என்னால் அங்கே செய்யக்கூடியதையெல்லாம் செய்தேன். அவருக்குத் தேவையாக இருந்தது இரத்தமும் சத்திரசிகிச்சைக் கூடமும். இரண்டும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தன. காற்று பலமாக இருந்தது. மீனவர்கள் நான்கு பேர் தங்கள் படகைக் கொடுத்தார்கள், தாங்களும் வந்தார்கள். ஒருவர் அலையின் உயரத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாம், அரை மணித்தியாலம் பொறுங்கோ" என்றார். பொறுத்தோம். அவர் சொன்ன நேரத்தில் புறப்பட்டோம். நான் நாளத்தில் ஏறும் சேலைன் போத்தலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தத் தாய் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

அந்த இரவில் அங்கே டொக்டருக்குப் பஞ்சம் இருக்கவில்லை. மருத்துவ அறிவுக்கும் பஞ்சம் இருக்கவில்லை. தூரத்தைக் கடக்க ஒரு வழிதான் இருக்கவில்லை. அந்தப் படகோட்டி இல்லாவிட்டால் தாயும் இல்லை. அவருடைய பெயர் எந்த வைத்தியசாலைப் பதிவேட்டிலும் இல்லை.

பின்னர் மயக்க மருந்து நிபுணத்துவத்துக்குப் படித்தேன். விசேட பயிற்சிக்காக ஒரு வருடம் அவுஸ்திரேலியா போக வேண்டியிருந்தது. அங்கேதான் நான் பத்து வயதில் கீறிய விமானத்தை நேரில் கண்டேன். அந்த நாட்டில் அதற்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. சிட்னியிலும் மெல்பேணிலும் இருந்து வந்திருக்கும் சகோதரிகள் தங்கள் கைப்பையில் இருக்கும் 20 டொலர் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கும் பெரியவர் ஜோன் பிளின் என்ற மதகுரு. பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடக்கியவர்.

ஆனால் விமானத்தைப் பயன்படுத்தலாம் என்று விரிவாகத் திட்டமிட்டு அவருக்கு எழுதியவர் ஒரு மருத்துவ மாணவர். கிளிஃபோர்ட் பீல் என்று பெயர். முதலாம் உலகப் போரில் விமானியாகப் போனவர். 1917இல் அவர் பிளினுக்கு ஒரு கடிதம் எழுதினார். உள்நாட்டில் எங்கெங்கே விமானத் தளம் வைக்கலாம், எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் கணக்குப் போட்டு எழுதியிருந்தார். அடுத்த வருடமே போரில் இறந்துபோனார். வயது 24. டொக்டராகவும் இல்லை, தான் கனவு கண்ட விமானத்தைக் காணவும் இல்லை. பிளின் அந்தக் கடிதத்தைத் தன் சஞ்சிகையில் வெளியிட்டு, பத்து வருடம் பணம் சேர்த்தார். 1928ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி, குயின்ஸ்லாந்தின் கிளொன்கரி என்ற ஊரிலிருந்து முதலாவது விமானம் புறப்பட்டது. குவான்டாஸ் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த ஒற்றை இயந்திர விமானம். விமானி ஆதர் அஃப்லெக், டொக்டர் வெல்ச். வழிகாட்டும் கருவி திசையறிகருவி ஒன்றுதான். ஆறு, வேலி, தந்திக் கம்பி ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு பறந்தார்கள். முதல் வருடத்தில் 50 பறப்புகள், 225 நோயாளர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் டொக்டரும் இல்லை, விமானியும் இல்லை. அல்பிரட் ட்ரேகர் என்ற மின்பொறியியலாளர். விமானம் இருந்து என்ன, கூப்பிட வழி வேண்டாமா? நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் தனித்திருக்கும் பண்ணை வீடுகளில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. 1929இல் அவர் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிப் பெட்டியைச் செய்து கொடுத்தார். பண்ணை வீட்டுப் பெண்கள் கதிரையில் இருந்து, சைக்கிள் மிதிப்பது போல மிதித்துக்கொண்டே டொக்டரைக் கூப்பிட்டார்கள். இதை அங்குள்ள அருங்காட்சியகத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட ஊரிலிருந்தல்லவா நான் போயிருந்தேன்! எங்கள் சந்தியில் அப்படிச் சுற்றியவர்களை இங்கே யாரும் விஞ்ஞானிகள் என்று சொல்லவில்லை.

1942இலிருந்து பண்ணைகளுக்கு மருந்துப் பெட்டிகளும் கொடுத்தார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் இலக்கம். டொக்டர் வானொலியில் இலக்கத்தைச் சொல்ல, வீட்டுப் பெண் அந்தப் போத்தலை எடுத்துக் கொடுப்பார். மருந்தின் பெயரை வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

பெண்களும் வந்தார்கள். நான்சி பேர்ட் என்பவர் 19 வயதில் வணிக விமானி உரிமம் பெற்று, 1935இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், தாய் சேய் நிலையங்களுக்குத் தாதிமாரை ஏற்றிச் செல்லும் பணியைத் தன் சொந்த விமானத்தில் செய்தார். அவர் பின்னாளில் எழுதிய சுயசரிதைக்கு "ஐயோ கடவுளே, இது ஒரு பெண்!" என்ற பொருளில் தலைப்பு வைத்தார். விமானம் இறங்கியதும் அவர் எத்தனை தரம் அதைக் கேட்டிருப்பார் என்று ஊகிக்கலாம். எங்கள் மாமியின் குரலை நான் உலகம் முழுவதும் கேட்டிருக்கிறேன். இன்று மேற்குச் சிட்னியில் அமைந்துள்ள புதிய விமான நிலையத்துக்கு நான்சியின் பெயர்தான்.

இன்னொருவர் றொபின் மில்லர். அவர் ஒரு தாதி. விமானம் ஓட்டவும் பழகினார். 1960களின் இறுதியில் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறக் குடியிருப்புகளுக்குத் தனியாகப் பறந்து, போலியோ தடுப்பு மருந்தைச் சீனிக் கட்டியில் இட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். சீனிப் பறவை அம்மா என்று சொல்லும் வகையில் பிள்ளைகள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். 1975இல் 35 வயதில் புற்றுநோயால் இறந்தார். தன் குறுகிய வாழ்வில் அவர் எத்தனை பிள்ளைகளின் கால்களைக் காப்பாற்றினார் என்பதை எண்ணிப் பார்ப்பதற்குப் போலியோ நோயாளி ஒருவரைக் கண்டவர்களுக்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

என் பயிற்சி வருடத்தில், கடுமையாக நோயுற்ற ஒருவருடன் நானும் அந்த விமானத்தில் போனேன். இன்றைய விமானங்களில் ஒரு விமானி, ஒரு தாதி, நோய் கடுமையென்றால் ஒரு டொக்டர். ஏறுமுன் தாதி என்னைக் கேட்டார், "சுவாசக் குழாயின் காற்றுப்பையைப் பார்த்தீர்களா?" என்று. தொண்டைக்குள் வைக்கும் குழாய் அசையாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு சிறு பை, காற்றால் ஊதப்பட்டிருக்கும். மேலே போனால் விமானத்துக்குள் இருக்கும் அமுக்கமும் குறையும். 8,000 அடி உயரத்துக்கு ஒப்பான அமுக்கத்தில், நிலத்தில் மூன்று பங்காக இருந்த காற்று நான்கு பங்காக விரியும். அந்தப் பை விரிந்தால் தொண்டையை நெரிக்கும். நெஞ்சுக் கூட்டில் காற்றுக் கசிந்திருந்தால் அதுவும் விரிந்து சுவாசப்பையை நசுக்கும். அதனால்தான் சில நோயாளர்களுக்காக விமானி தாழப் பறந்து, உள்ளே கடல் மட்ட அமுக்கத்தை வைத்திருப்பார். என் கண் முன்னால் சைக்கிள் பம்பும் ரீச்சரின் விரலும் வந்து நின்றன. "பார்த்தேன்" என்று சொன்னேன்.

அன்று நான் கவனித்த இன்னொன்று. பறக்கலாமா வேண்டாமா என்பதை விமானி முடிவு செய்வார். டொக்டர் எவ்வளவு பெரியவரானாலும் அதில் வாய் திறக்கக்கூடாது. சில நாடுகளில் நோயாளி யார், எவ்வளவு கடுமை என்பதையே விமானிக்குச் சொல்வதில்லை. பாவம் பார்த்து மோசமான வானிலையில் புறப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக. என் தீவுப் படகோட்டியை அன்று நினைத்தேன். "இப்ப வேண்டாம், பொறுங்கோ" என்று சொல்ல அவருக்கிருந்த துணிவுதான் எங்கள் அனைவரையும் கரை சேர்த்தது.

நாங்கள் இறங்கிய இடம் ஒரு பண்ணையின் மண் ஓடுபாதை. கங்காரு நிற்கிறதா என்று பார்க்க அந்த வீட்டுக்காரர் முதலில் தன் வாகனத்தை ஓடுபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓட்டினார். இரவென்றால் தகரப் பேணிகளில் எண்ணெய் விட்டு இரு கரையிலும் எரியவிடுவார்களாம். அந்த விளக்கைக் கொளுத்துபவரும் உயிரைக் காப்பாற்றுபவர்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கும் மாறியிருக்கிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு வந்தது. பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020இல் இலங்கை வான்படையில் முதன்முதலாக இரண்டு பெண்கள் விமானிகளாகப் பயிற்சி முடித்து வெளியேறினார்கள். கடல் கொந்தளித்த நாட்களில் நெடுந்தீவிலிருந்து நோயாளர்களை ஹெலிகொப்டர் ஏற்றி வந்திருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் என் வயிறு இன்றும் ஒரு கணம் இறுகும். ஆனால் அந்த நோயாளியின் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் சுமந்துகொண்டுதான் எங்கள் தலைமுறை நடக்கிறது.

சென்ற வருடம் சுகாதாரக் கருத்தரங்கு ஒன்றுக்காக எமது கல்லூரிக்கு வந்திருந்தேன். முடிவில் வழக்கம்போல, "என்னவாக வர விருப்பம்?" என்று கேட்டேன். டொக்டர், டொக்டர், பொறியியலாளர், டொக்டர் என்று வந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் தீவகத்துப் பிள்ளை ஒருத்தி "பைலட்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதே சிரிப்பு. நான் "ஏன்?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "மிஸ், டொக்டர்மார் நிறையப் பேர் இருக்கினம். எங்கட இடத்தில கொண்டுபோறதுக்குத்தான் ஆக்கள் இல்லை."

எனக்கு ஒரு தீவும் ஓர் இரவும் தேவைப்பட்டன இதை விளங்கிக்கொள்ள. அவளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே விளங்கியிருந்தது.

அன்புச் சகோதரிகளே, எமது சமூகத்தில் சேவை என்ற சொல்லை நாங்கள் ஒரு தொழிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். கெட்டிக்காரப் பிள்ளை, இரக்கமுள்ள பிள்ளை என்றால் உடனே வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்க்கிறோம். கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளை தோற்றுவிட்டதாக அழுகிறோம். ஒரு நோயாளி பிழைப்பதற்குப் பின்னால் எத்தனை பேர் என்று ஒரு டொக்டராகிய நான் சொல்லாமல் யார் சொல்வது? கடிதம் எழுதிய பீல், பணம் சேர்த்த பிளின், பெட்டி செய்த ட்ரேகர், ஓட்டிய அஃப்லெக், மிதித்த பண்ணைப் பெண், விளக்குக் கொளுத்தியவர். டொக்டர் அதில் ஒருவர் மட்டும்.

இன்றைய மாணவிகளுக்குச் சில செய்திகள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்த வயது 17, பறப்பு 40 மணித்தியாலம். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது, 200 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி என்றால் 150. கண்ணாடி போட்டால் விமானியாக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணாடியுடன் பார்வை சரியாக இருந்தால் போதும். கணிதத்தையும் பௌதிகவியலையும் ஆங்கிலத்தையும் விடாதீர்கள். வானூர்தியின் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதும், விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பதும், வானிலையைக் கணிப்பதும் இதே சேவையின் வேறு இருக்கைகள். ருவாண்டாவில் 2016இலிருந்து ஆளில்லாச் சிறு விமானங்கள் வைத்தியசாலைகளுக்கு இரத்தத்தைக் கொண்டுபோய்ப் பரசூட்டில் இறக்குகின்றன. நெடுந்தீவுக்கு அப்படியொன்றை அனுப்பப் போகிறவள் இந்தப் பாயில் இருக்கலாம்.

பழைய மாணவிகளிடம் ஒரு கோரிக்கை. நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் கட்டுகிறோம், நல்லது. அதோடு ஒரு சிறு நிதியையும் வைப்போம். வழக்கமான பட்டியலில் இல்லாத தொழிலைக் கேட்கும் பிள்ளைக்காக. அவளுடைய மருத்துவப் பரிசோதனைக்கு, ஆங்கிலப் பரீட்சைக்கு, இரத்மலானையில் முதல் ஒரு மணித்தியாலம் பறந்து பார்ப்பதற்கு. முழுக் கட்டணத்தையும் எங்களால் கொடுக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டணத் தாளை அவளுடைய அப்பா தனியே இருந்து வாசிக்கத் தேவையில்லை. அவருக்குப் பக்கத்தில், ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் இருந்து, வழி தெரிந்த ஓர் அக்கா இருக்கலாம். எந்த நாட்டில் எந்தப் புலமைப்பரிசில் இருக்கிறது என்று தேடிச் சொல்வதற்குப் பணம் தேவையில்லை. என் பங்கை இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

ஆசிரியைகளிடமும் பெற்றோரிடமும் ஒன்றே ஒன்று. பிள்ளை வித்தியாசமான ஒன்றைச் சொன்னால் சிரிக்க முன், "அப்ப டொக்டருக்குப் படியன்" என்று சொல்ல முன், "ஏன்?" என்று ஒரு தரம் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். எமக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுத் தந்த பௌதிகவியல் ரீச்சர் இன்று எம்மிடையே இல்லை. அவருக்கும், இந்தக் கல்லூரியின் நூறு வருடங்களில் கேள்வி கேட்கப் பழக்கிய ஒவ்வோர் ஆசிரியைக்கும் தலை வணங்குகிறேன்.

கல்லூரி அன்னை வாழ்க, வளர்க.